வெங்காயமும் சட்னியும்

(நம் முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

 

செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "மாணவர்களுக்கு உபயோகமாகவும் இருக்கணும், மத்தவங்களுக்குத் தூக்கமும் வரக்கூடாது, அப்படி ஏதாவது பேசுப்பா" என்றார். மதியச் சாப்பாட்டுக்கு முந்தின பேச்சு என்பதால் தூக்கப் பயம் இல்லை. பசிப் பயம்தான். அதனால் தலைப்பையே சாப்பாட்டுச் சமாசாரமாக வைத்துக்கொண்டேன். வெங்காயத்துக்கும் சட்னிக்கும் கம்ப்யூட்டரில் என்ன வேலை என்று போகப் போகத் தெரியும்.

நான் பேச வந்த பொருள் இதுதான். இன்டர்நெட்டில் ஒருவருடைய நடமாட்டத்தை மற்றவர் கண்ணில் படாமல் காக்கிற மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்துவது எப்படி என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அதை எழுதவும் திருத்தவும் ஒரு பட்டறை வேண்டும் அல்லவா? டெவலப்மென்ட் என்விரான்மென்ட் என்று சொல்கிறோமே, அந்தப் பட்டறையை எப்படிப் போடுவது என்று பேசலாம் என்று வந்திருக்கிறேன். ரகசியம் வெளியே போவது பெரும்பாலும் பட்டறையில்தான் ஆரம்பிக்கிறது என்பது என் கட்சி.

டோல்கேட்டும் தார்ப்பாயும்

தெற்கே விருதுநகர், சிவகாசி பக்கமிருந்து வந்தவர்கள் கப்பலூர் டோல்கேட்டைத் தாண்டித்தான் வந்திருப்பீர்கள். அந்த டோல்கேட்டுக்கும் நம் ஊர்க்காரர்களுக்கும் உள்ள வழக்கு ஊரறிந்தது. அதற்குள் நான் போகவில்லை. அங்கே நடக்கிற ஒரு சின்ன விஷயம் மட்டும் எனக்கு வேண்டும்.

2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயம் ஆனது. வண்டி வந்து நின்றால் கண்ணாடியில் ஒட்டியிருக்கிற சீட்டைக் கருவி படித்து, எந்த வண்டி, எத்தனை மணி என்று குறித்துக்கொள்கிறது. சிட்கோவிலிருந்து ஒரு லாரி தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்புகிறது என்று வையுங்கள். உள்ளே என்ன சரக்கு என்று டோல்கேட்டுக்குத் தெரியாது. ஆனால் எந்த லாரி, எந்த நேரம், எந்தத் திசை என்பது தெரியும். ஒரு மாதக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், தார்ப்பாயை அவிழ்க்காமலே அந்த முதலாளியின் வியாபாரத்தைச் சொல்லிவிடலாம்.

இன்டர்நெட்டும் இப்படித்தான். பிரவுசரில் பூட்டு அடையாளம் பார்க்கிறோமே, அது தார்ப்பாய். நாம் எழுதுவதும் படிப்பதும் சங்கேதமாகிப் போகிறது, நடுவில் இருப்பவர் படிக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் அனுப்புகிறவர் முகவரி, பெறுகிறவர் முகவரி இரண்டும் வெளிப்படையாக எழுதியிருக்கும். அது நம்பர் பிளேட். அதை மறைத்தால் பாக்கெட் போய்ச் சேராது. 2025-ல் அரட்டை செயலி பரவியபோது "முனைக்கு முனை சங்கேதம் உண்டா?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அது தார்ப்பாயைப் பற்றிய கேள்வி. நம்பர் பிளேட்டைப் பற்றி யாரும் அதிகம் கேட்கவில்லை.

"மறைக்க எனக்கு என்ன இருக்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருவருடைய போன் புற்றுநோய் ஆஸ்பத்திரியின் பக்கத்துக்குப் போகிறது. மறுநாள் காலை இன்சூரன்ஸ் பக்கம், மத்தியானம் வக்கீல் பக்கம். என்ன படித்தார் என்று தெரியவே வேண்டாம், வீட்டில் என்ன நடக்கிறது என்று புரிந்துவிடும். சம்பளப் பாக்கி பற்றிப் புகார் எழுதுகிற தொழிலாளிக்கும், கொட்டேஷன் அனுப்புகிற சின்ன முதலாளிக்கும், யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டு உடம்புக் கோளாறைப் பற்றித் தேடுகிற ஹாஸ்டல் பெண்ணுக்கும் இது பொருந்தும். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். சட்டத்தில் உரிமை கிடைத்தால் போதாது. அதை இயந்திரத்தில் கட்டிக்கொடுக்க ஆள் வேண்டும். அந்த ஆள் நாம்தான்.

டார் என்றால் ரோடு போடும் டார் இல்லை

நம்பர் பிளேட் பிரச்சினைக்கு 1990-களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக்கூடத்தில் மூன்று பேர் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: டேவிட் கோல்ட்ஷ்லாக், மைக்கேல் ரீட், பால் சைவர்சன். அதற்கு ஆனியன் ரூட்டிங், அதாவது வெங்காய வழி, என்று பெயர் வைத்தார்கள். பிறகு ரோஜர் டிங்கிள்டைன், நிக் மேத்யூசன் ஆகியோர் சேர்ந்து எழுதிய 'டார்' என்ற மென்பொருள் 2002-ல் வெளிவந்தது. 2006 முதல் அதை லாப நோக்கமற்ற ஒரு நிறுவனம் நடத்துகிறது. சோர்ஸ் கோடு முழுவதும் எல்லோருக்கும் திறந்தது.

வேலை செய்யும் விதம் சுலபம். கப்பலூரிலிருந்து சென்னைக்கு ஒரு பார்சல் அனுப்ப வேண்டும். ஒரே லாரியில் அனுப்பினால் புறப்பட்ட இடமும் போகும் இடமும் ஒரே கணக்கில் பதிவாகிவிடும். அதனால் மூன்று கிடங்குகளைப் பிடிக்கிறோம்: திருச்சி, சேலம், வேலூர். பார்சலுக்கு மூன்று உறை. திருச்சிக்காரர் வெளி உறையைப் பிரித்தால் 'சேலம்' என்று இருக்கும். அவருக்குக் கப்பலூரும் தெரியும், சேலமும் தெரியும், அதற்கு மேல் தெரியாது. சேலத்துக்காரருக்குத் திருச்சியும் வேலூரும் மட்டும். கடைசி உறையைப் பிரிக்கிற வேலூர்க்காரருக்குச் சென்னை முகவரி தெரியும், ஆனால் பார்சல் கப்பலூரில் புறப்பட்டது தெரியாது. வெங்காயம் உரிக்கிற மாதிரி தோல் தோலாகக் கழன்று போகிறது. பார்சலின் பருமனை வைத்துக் கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காக எல்லாப் பொட்டலமும் ஒரே அளவு. முதலில் 512 பைட், பிற்பாடு சுற்றின் எண்ணுக்கு இடம் கூடுதலாகத் தேவைப்பட்டதால் 514.

ஒன்றை மறக்கக் கூடாது. கடைசிக் கிடங்குக்காரர் கையில் சரக்கு வரும்போது, உள்ளே தார்ப்பாய் இல்லையென்றால் அவர் பார்த்துவிடுவார். 2007-ல் டான் எகர்ஸ்டாட் என்ற ஸ்வீடன்காரர் இப்படிச் சில கடைசி ரிலேக்களை நடத்தி, கடந்துபோன மெயில்களின் பாஸ்வேர்டுகளைப் பிடித்தார். அவர் வெளியிட்ட பட்டியலில் இந்தியத் தூதரகக் கணக்குகளும் இருந்தன. யார் அனுப்பியது என்பதைத்தான் வெங்காயம் மறைக்கும். என்ன அனுப்பியது என்பதை மறைக்கிற பொறுப்பு தார்ப்பாயுடையது. இரண்டும் வேண்டும்.

சரி, இப்போது பட்டறைக்குள் போவோம்.

ஒன்று: தனி அறை

முதலில் உங்கள் சொந்த லேப்டாப்பின் நடுக்கூடத்தில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். அதே லேப்டாப்புக்குள் ஒரு விர்ச்சுவல் மெஷின் போட்டு, அதில் லினக்ஸ் ஏற்றுங்கள். எட்டு ஜி.பி. நினைவகம் உள்ள சாதாரண லேப்டாப் போதும். அந்த அறைக்குள் உங்கள் மெயில் வேண்டாம், போட்டோ வேண்டாம், உங்கள் பெயரில் எந்த லாகினும் வேண்டாம். காரணம் இருக்கிறது. சோதனையின்போது பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்க்கப் போகிறோம். அப்போது உங்கள் சொந்தப் போக்குவரத்தும் கலந்து வந்தால் சோதனையும் கெடும், உங்கள் சமாசாரமும் ஃபைலில் உட்கார்ந்துகொள்ளும். நாளைக்கு அந்த ஃபைலை "இங்கே ஒரு கோளாறு, பாருங்கள்" என்று உலகத்துக்கு அனுப்புவீர்கள்.

கருவிகள் என்று பார்த்தால் பெரிய லிஸ்ட் இல்லை. சி மொழிக் கம்பைலர், மேக், ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக், கிட். அதோடு மூன்று லைப்ரரிகள்: லிப்ஈவென்ட், ஓப்பன்எஸ்எஸ்எல், இசட்லிப். புதிதாக வருகிற தம்பிகள் முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழும் இடம் ஒன்றைச் சொல்லிடறேன். லைப்ரரி மெஷினில் இருக்கும், ஆனாலும் கான்ஃபிகர் கட்டத்தில் "கிடைக்கவில்லை" என்று அடம்பிடிக்கும். ஓடுவதற்கு லைப்ரரி போதும், கட்டுவதற்கு அதன் ஹெடர் ஃபைல்களும் வேண்டும். டெபியன், உபுண்டுவில் பெயர்க் கடைசியில் 'டெவ்' என்று வருகிற பாக்கேஜ் அதுதான். அதைப் போட்டால் அரை நாள் மிச்சம்.

இரண்டு: முத்திரை பார்த்து வாங்குதல்

சோர்ஸ் கோடை எங்கிருந்தோ இறக்கி அப்படியே கம்பைல் செய்வது, முத்திரை இல்லாத தராசில் தங்கம் நிறுப்பது மாதிரி. எழுதியவர்களின் டிஜிட்டல் கையெழுத்து ஒவ்வொரு வெளியீட்டுடனும் வருகிறது. அதைச் சரிபார்க்க ஐந்து நிமிஷம் ஆகும்.

இது வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பவர்கள் 2024 மார்ச் 29-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் தன் லினக்ஸ் மெஷினில் எஸ்எஸ்ஹெச் லாகின் வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாவதைக் கவனித்தார். நம்மில் எத்தனை பேர் அரை விநாடியைப் பொருட்படுத்துவோம்? அவர் விடாமல் நோண்டினார். எக்ஸ்இசட் என்ற சுருக்கும் லைப்ரரியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ கள்ளக் கதவு வைத்திருந்தது வெளிவந்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் நல்ல பிள்ளையாக உதவி செய்து, பராமரிக்கும் பொறுப்பையே வாங்கிக்கொண்ட ஒரு புனைபெயர்க்காரரின் வேலை அது. அவர் ஒளித்த விதம்தான் நமக்குப் பாடம். விஷம் 'சோதனை ஃபைல்' என்ற பெயரில் இருந்தது. அதை எழுப்பி விடுகிற வரி, எல்லோரும் பார்க்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்காகக் கட்டிய பொட்டலத்தில் மட்டும் இருந்தது. கையெழுத்தும் சரியாகவே இருந்தது, போட்டவரே அவர்தானே!

அதனால் கையெழுத்து அவசியம், ஆனால் அது மட்டும் போதாது. அதற்கு மேலே இன்னொரு படி இருக்கிறது: ஒரே சோர்ஸ் கோடை இரண்டு பேர், இரண்டு ஊரில், இரண்டு மெஷினில் கட்டினால் ஒரு பிட் கூட வித்தியாசம் இல்லாமல் ஒரே ஃபைல் வர வேண்டும். டார் பிரவுசர் 2013 முதல் இந்த முறையில் கட்டப்படுகிறது. கேட்கச் சுலபம், செய்து பார்த்தால் தெரியும். கம்பைல் செய்த தேதி, ஃபைல்களை எடுத்த வரிசை, உங்கள் ஹோம் டைரக்டரியின் பெயர் எல்லாம் உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும். அவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்து நிலைநிறுத்த வேண்டும். மெக்கானிக்கல் அண்ணன்களுக்குப் புரியும்படி சொன்னால், சிட்கோவில் இரண்டு ஷெட்டில் கடைந்த உதிரிபாகம் ஒரே கேஜில் உட்கார வேண்டும். உட்காரவில்லையென்றால் எங்கே வித்தியாசம் என்று தேடு. மாணவர்களுக்கு இது அருமையான ப்ராஜெக்ட். செலவு காசில்லை.

மூன்று: கட்டுதலும் உரசிப் பார்த்தலும்

ஆட்டோஜென், கான்ஃபிகர், மேக், பிறகு மேக் செக். நாலே படி. கடைசிப் படியில் நூற்றுக்கணக்கான சிறு சோதனைகள் ஓடும். நீங்கள் ஒரு வரி மாற்றுவதற்கு முன்னால் அவை எல்லாம் பாஸாகிறதா என்று ஒருமுறை பார்த்து எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் பிற்பாடு கெட்டது உங்களாலா, முன்பே இருந்ததா என்று தெரியாது.

இந்த வகை மென்பொருளில் கம்பைல் ஆகிவிட்டது என்பது பெரிய சேதி இல்லை. 2014 ஏப்ரலில் வெளிவந்த ஹார்ட்ப்ளீட் கோளாறு ஞாபகம் இருக்கலாம். ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஒரு நீளத்தைச் சரிபார்க்காமல் விட்டதால், கேட்கிறவன் ஒவ்வொரு முறையும் 64 கிலோபைட் வரை சர்வரின் நினைவகத்தை அள்ளிக்கொண்டு போக முடிந்தது. சாவியும் போகும், பாஸ்வேர்டும் போகும். ப்ரோக்ராம் நிற்கவே நிற்காது, ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். எல்லை தாண்டி எட்டிப் பார்க்கும் இந்த ரகத் தப்பைப் பிடிக்க சானிடைசர் என்ற வசதி கம்பைலரிலேயே இருக்கிறது. டாரைக் கட்டும்போது அதை இயக்குவதற்குத் தனி சுவிட்ச் உண்டு. வேகம் குறையும், பரவாயில்லை, பட்டறையில் வேகத்துக்கு என்ன அவசரம்? இதே காரணத்துக்காகத்தான் டார்காரர்கள் 'ஆர்ட்டி' என்ற பெயரில் ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதி, 2022-ல் முதல் முழுப் பதிப்பை வெளியிட்டார்கள். இப்போது கற்றுக்கொள்பவர்கள் அந்தப் பக்கமும் ஒரு கண் வையுங்கள்.

நான்கு: சட்னி

இப்போது சட்னிக்கு வந்துவிட்டோம். டார் மாதிரி ஒன்றில் நீங்கள் ஒரு மாற்றம் செய்கிறீர்கள். அதை எங்கே ஓட்டிப் பார்ப்பது? உண்மையான டார் வலையில் ஓட்டலாம். ஆனால் அங்கே உண்மையான ஜனங்கள் இருக்கிறார்கள். அதனால் உங்கள் லேப்டாப்புக்குள்ளேயே ஒரு பொம்மை வலையைக் கட்டிக்கொடுக்கிற ஒரு கருவியை டார்காரர்கள் எழுதினார்கள். அதன் பெயர் நிஜமாகவே 'சட்னி'தான். வெங்காயத்தை எடுத்து என்ன செய்வது என்று வெள்ளைக்காரருக்கே தெரிந்திருக்கிறது!

சட்னியை இயக்கினால் வலையின் பட்டியலைத் தீர்மானிக்கிற டைரக்டரி சர்வர்கள் சில, ரிலேக்கள் சில, வாடிக்கையாளர் ஒன்றிரண்டு, எல்லாம் ஒரே மெஷினில், 127.0.0.1 என்ற தன்வீட்டு முகவரியில், வேறு வேறு போர்ட் எண்களில் எழுந்து நிற்கும். உண்மையான வலையில் அந்தப் பட்டியல் மணிக்கு ஒருமுறை ஓட்டெடுத்து முடிவாகும். பொம்மை வலையில் காத்திருக்க முடியாது, நேரத்தைச் சுருக்கிவிடுகிறார்கள். ஒரு சுற்றில் வருகிற ரிலேக்கள் பக்கத்துப் பக்கத்து முகவரியில் இருக்கக் கூடாது என்று உண்மையான வலையில் ஒரு விதி உண்டு. ஒரே ஆள் மூன்று கிடங்கையும் வாங்கிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கான பாதுகாப்பு அது. பொம்மை வலையில் எல்லாம் ஒரே வீடு என்பதால் அந்த விதி தளர்த்தப்பட்டிருக்கும். ஆகவே தம்பிகளே, சோதனைக்கான கான்ஃபிகரேஷன் ஃபைலைத் தனி டைரக்டரியில் பூட்டி வையுங்கள். அது வெளியே நடந்து வரக் கூடாது.

"பொம்மை வலை போதுமா சார், நிஜத்தில் பார்த்தால்தானே தெரியும்?" என்று கேட்கத் தோன்றும். 2014-ல் நடந்ததைக் கேளுங்கள். ஜனவரி 30 அன்று டார் வலையில் சுமார் 115 புது ரிலேக்கள் சேர்ந்தன. யார், எந்த மறைவான தளத்தைத் தேடுகிறார்கள் என்று அடையாளம் காணும் வேலையை அவை செய்துகொண்டிருந்தன. ஜூலை 4 அன்றுதான் கண்டுபிடித்து அகற்றினார்கள். ஐந்து மாதம்! பின்னால் 2016-ல் அமெரிக்க நீதிமன்ற உத்தரவு ஒன்றில் விவரம் வந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் நிலையம், பாதுகாப்புத் துறையின் பணத்தில் டார் வலையின் மீது ஆராய்ச்சி செய்தபோது ஒருவரின் முகவரியைக் கண்டறிந்திருக்கிறது. போலீஸ் தரப்பு அதை சம்மன் அனுப்பி வாங்கிக்கொண்டது. அந்த மனிதர் குற்றவாளிதான், அதில் எனக்குப் பரிதாபம் இல்லை. ஆனால் அந்த ஐந்து மாதத்தில் வலையைப் பயன்படுத்திய பத்திரிகைக்காரர்கள், வீட்டில் அடி வாங்கி ஓடி ஒளிந்த பெண்கள், அவர்கள் என்ன குற்றம் செய்தார்கள்? அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. ஆராய்ச்சி என்று சேர்த்தது சாட்சியாக மாற ஒரே ஒரு காகிதம் போதுமாக இருந்தது.

இதற்குப் பிறகு டார்காரர்கள் ஆராய்ச்சியாளர்களுக்கு வழிமுறைகள் வகுத்தார்கள். சாரம் இதுதான்: முடிந்தவரை பொம்மை வலையில் செய். தாக்கிப் பார்க்க வேண்டுமானால் உன் போக்குவரத்தையே தாக்கு. தேவையில்லாததைச் சேர்க்காதே. சேர்ப்பது நாளைக்கு ஊரறிய வெளியிட்டாலும் யாருக்கும் தீங்கு வராததாக இருக்கட்டும்.

இதை ஏன் இங்கே அழுத்திச் சொல்கிறேன்? கடைசி வருஷ ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகளை அங்கங்கே பார்க்கிறேன். "ஹாஸ்டல் வைஃபையில் பிடித்த பாக்கெட்டுகள்" என்று அட்டவணை போட்டு, கூடப் படிக்கிற பிள்ளைகளின் போன்கள் எங்கெங்கே போயின என்பதை அப்படியே அச்சடித்து பைண்ட் செய்து லைப்ரரியில் வைக்கிறார்கள். எந்தக் கல்லூரி என்று சொல்லப் போவதில்லை. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, டேட்டா வேண்டும் என்ற அவசரம்தான். அதற்குத்தான் சட்னி இருக்கிறது.

ஐந்து: லாக்

கோளாறு தேடுகிறவனுக்கு லாக் ஃபைல் கண் மாதிரி. எவ்வளவு எழுதுகிறதோ அவ்வளவு நல்லது. ரகசியம் காக்கிறவனுக்கோ எழுதாமல் இருப்பதுதான் தொழில். இந்த இரண்டு பேரும் ஒரே ஆள் என்பதுதான் நம் வேலையில் உள்ள கஷ்டம்.

டாரில் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. லாகில் முகவரி வரவேண்டிய இடத்தில், 'துடைக்கப்பட்டது' என்று பொருள்படும் சொல் ஒன்று தானாக விழும். யாரும் கேட்காமலே அப்படித்தான் ஓடும். முகவரி தெரிய வேண்டுமென்றால் நீங்கள் போய் அதை நிறுத்த வேண்டும். நல்ல வடிவமைப்புக்கு இது ஒரு இலக்கணம்: சோம்பேறியாக இருப்பவனும் பத்திரமாக இருக்க வேண்டும். பொம்மை வலையில் அதை நிறுத்திவிட்டு எத்தனை விவரமாக வேண்டுமானாலும் எழுதலாம், அங்கே இருப்பது நீங்கள் ஒருவர்தானே. வேலை முடிந்ததும் விர்ச்சுவல் மெஷினைப் பழைய நிலைக்குத் திருப்பிவிடுங்கள். வீட்டைப் பெருக்கின மாதிரி.

சட்டம் தெரியாமலும் இருக்கக் கூடாது. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு ஓர் உத்தரவு போட்டது. விபிஎன் சேவை தருபவர்கள் வாடிக்கையாளர் பெயர், முகவரி உள்ளிட்ட விவரங்களை ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டும் என்றும், கம்ப்யூட்டர் அமைப்புகளின் லாகுகளை 180 நாள் பாதுகாக்க வேண்டும் என்றும் சொன்னது. எக்ஸ்பிரஸ்விபிஎன் போன்ற கம்பெனிகள் அந்த ஜூனிலேயே இந்தியாவில் இருந்த தங்கள் சர்வர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டன. உத்தரவு சரியா தப்பா என்பதில் இரண்டு கட்சி உண்டு. குற்றம் நடந்தால் துப்புத் துலக்க வேண்டியவர்களுக்கும் அவர்கள் நியாயம் இருக்கிறது. பொறியாளனாக நான் சொல்வது இவ்வளவுதான். சேவை நடத்தப் போகிறவர்கள் எந்த விதி தங்களுக்குப் பொருந்தும் என்று வக்கீலிடம் கேட்டுவிட்டு நடத்துங்கள். கல்லூரி லைனிலோ ஹாஸ்டல் அறையிலோ டாரின் கடைசி ரிலேயை வைக்காதீர்கள். யாரோ செய்கிற வம்புக்கு நம் கல்லூரியின் முகவரி போய் நிற்கும்.

ஆறு: ஒழுகுகிறதா என்று பார்த்தல்

வாட்டர் டேங்க் கட்டினால் தண்ணீர் நிரப்பி ஒரு ராத்திரி விட்டுப் பார்க்கிறோம். இதிலும் அதே. லினக்ஸில் நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் என்று ஒன்று இருக்கிறது. மெஷினுக்குள் சுவர் வைத்து ஒரு தனி அறை கட்டி, ஒரே ஒரு வாசல் விடலாம். உங்கள் ப்ரோக்ராமை உள்ளே உட்கார வைத்து, வாசலில் டிசிபிடம்ப்பை நிறுத்துங்கள். முதல் ரிலேக்குப் போகிற பாக்கெட் மட்டும் வெளியே வர வேண்டும். வேறு எது வந்தாலும் ஒழுகல்.

பெரும்பாலும் மாட்டுகிறவர் டிஎன்எஸ். சரக்கெல்லாம் மூன்று கிடங்கு சுற்றிப் பத்திரமாகப் போகும். ஆனால் புறப்படுவதற்கு முன் "இன்ன ஆஸ்பத்திரிக்கு வழி எது?" என்று ப்ரோக்ராம் தெருவில் நின்று சத்தம் போட்டுக் கேட்கும். 53-ஆம் போர்ட்டில் ஒரே ஒரு பாக்கெட் வந்தாலும் இத்தனை வேலையும் வீண். சோதனையை நெட் இணைப்பு நன்றாக இருக்கும்போது மட்டும் செய்யாதீர்கள். நடுவில் ரிலேயைக் கொல்லுங்கள், மெஷினைத் தூங்க வைத்து எழுப்புங்கள், வைஃபையை மாற்றுங்கள். தடுமாறும்போதுதான் மனுஷனும் உளறுகிறான், மென்பொருளும் உளறுகிறது.

இந்த யோசனை விளையாட்டுக்கு இல்லை. 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.6-ல் வயர்கார்டு என்ற விபிஎன் சேர்ந்தது. ஜேசன் டோனன்ஃபெல்ட் எழுதியது, சுமார் நாலாயிரம் வரி. அதனுடன் கெர்னலிலேயே வருகிற சோதனை, இப்படி நேம்ஸ்பேஸ்களில் அறை அறையாகக் கட்டித்தான் ஓடுகிறது. படித்துப் பார்க்கிற அளவில்தான் இருக்கிறது. ஒரு செமஸ்டர் லீவு போதும்.

ஒரு கேள்வியும் ஒரு வேண்டுகோளும்

பேச்சின் நடுவே முன்வரிசையிலிருந்து மூத்த அண்ணன் ஒருவர், "தம்பி, இதைத் திருடனும் பயன்படுத்துவானே?" என்று கேட்டார். நிச்சயம் பயன்படுத்துவான் அண்ணே. மறைக்கவே முடியாது. திருடனிடம் ஏற்கெனவே நாலு வழி இருக்கிறது. திருடின போன், வாடகை ஆள் பேரில் சிம் கார்டு என்று அவன் பிழைத்துக்கொள்வான். சட்டத்துக்குள் இருக்க நினைக்கிற சாதாரண ஆளுக்குத்தான் வேறு வழி இல்லை. அவருக்காக எழுதுகிறோம். எழுதுவதை எல்லோரும் படிக்கிற மாதிரி திறந்து வைத்து எழுதுகிறோம். பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று ஊருக்கே தெரிந்தும், சாவி இல்லாமல் திறக்க முடியவில்லையென்றால்தான் அது பூட்டு.

வேண்டுகோள் சங்கத்துக்கு. புதுக் கட்டடம், பெயர்ப் பலகை எல்லாம் இருக்கட்டும். ஐந்து பழைய கம்ப்யூட்டர், ஒரு சுவிட்ச், கொஞ்சம் கேபிள் கொடுங்கள். நம் ஆட்களில் பாதிப் பேர் ஆபீஸிலும் ஷெட்டிலும் சும்மா கிடப்பதைக் கொண்டுவந்தாலே சேர்ந்துவிடும். லேபின் ஒரு மூலையில் வெளி இணைப்பே இல்லாமல் அதை வைப்போம். தேவையான சோர்ஸ் கோடை முத்திரை பார்த்து பென் டிரைவில் கொண்டுவந்து ஏற்றிக் கொடுக்கிறேன். முதல் இரண்டு சனிக்கிழமை நானே வந்து கூட உட்காருகிறேன். மாணவர்கள் அங்கே எதை வேண்டுமானாலும் உடைக்கலாம், எதை வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம். பக்கத்து அறைப் பிள்ளையின் போன் மட்டும் அதில் இருக்காது.

 சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. இலையில் வெங்காயச் சட்னி இருந்தால் என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.